கூடுதல் ஒன்று

இரவு ஷிப்ட் முடிந்து
இலை வாட்டும் மாடியின் சூட்டை
ஸ்வெட்டருக்குள் கொண்டுவந்து
அடுக்களை ஜன்னலுக்குப் பின்னால் உட்காருகிறேன்.
ஆறு இருபது.
பூஜ்யத்துக்குக் கீழே ஒன்று என்று
ஆபீஸ் பலகையில் எழுதியிருந்தது, வரும்போது.

இலையில்லாத பேரி மரத்தில்
தேயிலைத்தூள் சலித்த பழைய சல்லடை ஒன்று
கட்டுக்கம்பியில் தொங்குகிறது.
அதில் நேற்றைய சோறு, ஒரு பிடி கேழ்வரகு,
பாதி பாளையங்கோடன்.
சோறு விறைத்து
ஒவ்வொன்றும் கண்ணாடி மணி.

ரேஷன் அரிசியப் போட்டு
போட்டோ புடிக்கிற ஆளு
இந்த டிவிஷன்லயே நீ ஒருத்தன்தான்
என்பாள் பக்கத்து லயத்துச் செல்லக்கனி அக்கா.
தைப்பனி தரையைத் துளைக்கும்
மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்றதற்கு
நமக்கு ஏதுடா மச்சு, தகரந்தானே
என்றவளும் அவள்தான்.

அடிமாலியில் மூடிப்போன ஸ்டுடியோவில்
ஆறு தவணைக்கு வாங்கிய கேமரா.
தானாகக் குவியாது.
விரலால் திருப்ப வேண்டும்,
விரலோ என் சொல் கேட்காது.
மூச்சு விட்டால் ஜன்னல் மங்கும்.
வெள்ளைக்கண்ணிகள் ஏழெட்டு ஒன்றாக வரும்,
ஒன்றாகப் போகும்.
அதற்குள் ஒரு மூச்சு மிச்சமிருக்க வேண்டும்.

வெள்ளையைக் கேமரா நம்பாது.
இவ்வளவு வெளிச்சம் இருக்க முடியாதென்று
தானே குறைத்துக்கொள்ளும்.
உறைந்த புல் சாம்பலாகும்,
அதன்மேல் சின்னான் கரித்துண்டாகும்.
அதனால் கூடுதல் ஒன்று வைக்கிறேன்,
சக்கரத்தை ஒரு படி தள்ளி.
உள்ளதுதான் இது, நம்பு.

எட்டரைக்குக் கொச்சி வண்டிகள் வரும்.
மஞ்ஞு எவிடெயா சேட்டா?
கையைக் காட்டுவேன்.
குழந்தைகள் புல்லைச் சுரண்டி
நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள்.
ஒன்பதுக்கு வெயில் ஏறும்.
பனியில் கருகுவதில்லை தேயிலை,
பனி விலகும் வெயிலில்தான்.
மூன்றாம் நாள் மலைச்சரிவு முழுக்க
கொதித்து வடித்த சக்கையின் நிறம்.
கொழுந்து இல்லை. கூடை ஆணியில் தொங்குகிறது.
அக்கா விரல் மடக்கி எண்ணுகிறாள்,
எத்தனை நாள் என்று என்னிடம் சொல்லவில்லை.

கேமரா உள்ள ஆளல்லே நீ,
என்றார் ரெஜி சார்.
சேதத்துக்குப் படம் வேண்டுமாம், பாத்தி பாத்தியாக.
அறுபது எடுத்துக் கொடுத்தேன்.
ஒன்று திரும்பி வந்தது.
நாற்பத்தொன்றில் ஒரு பறவை இருக்கிறது, மாற்று.

பெரிதாக்கிப் பார்த்தேன்.
கருகிய செடியின் உச்சியில்
கருப்பு வெள்ளைப் புதர்ச்சிட்டு.
எடுத்தபோது நான் பார்க்கவேயில்லை.
கண்ணில் ஒளிப்பொட்டு,
அலகில் ஏதோ புழு,
குளிருக்கு ஊதிய மார்பில் இறகு இறகாகத் தெளிவு.
மார்கழி முழுக்க ஜன்னலுக்குப் பின்னால் கிடந்தும்
இப்படி ஒன்று எனக்கு விழவில்லை.
அக்காவிடம் காட்டினேன்.
வெகுநேரம் பிடித்திருந்துவிட்டு
இது அரிசி தின்னாதா என்று கேட்டாள்.

மறுநாள் அதே பாத்திக்குப் போனேன்.
அது அதே உச்சியில் இருந்தது.
கையைத் தட்டலாம், கல் பொறுக்கலாம்.
நின்றேன்.
ஒரு பறவை போகட்டும் என்று
காத்திருப்பது இதுவே முதல்முறை.
வாலை ஒருமுறை அடித்தது.
தாழ இறங்கி எதையோ கொத்தி
மறுபடி அங்கேயே வந்து உட்கார்ந்தது.
கீழே பஸ் ஹாரன் இரண்டு தரம்.

பிறகு அது போயிற்று, எடுத்தேன்.
கூடுதல் ஒன்றை இறக்க மறந்திருந்தேன் போலும்.
கருகிய செடிகள்
இருந்ததைவிடக் கொஞ்சம் வெளுத்து விழுந்திருந்தன.
ரெஜி சார் சரி என்றார்.